இழுவை எருமையிடம் இருந்த ஐந்து நாட்கள்

மூன்று மாநிலங்களைத் தாண்டி இரண்டு பகலும் இரண்டு இரவும் ஓடி வந்த வாராந்திர விரைவு வண்டி, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை எட்டு நாற்பத்திரண்டுக்கு, நொச்சிலோடைக்குத் தெற்கே தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த சீனியம்மாளின் சுட்டி எருமை மேல் மோதியபோது, எருமை விழவில்லை. வண்டியை இழுக்கிற விசை, ரயில்காரர்கள் சொல்கிற இழுவை, அதுதான் எருமைக்குள் போய்விட்டது. கேள்விப்பட்டதை எழுதவில்லை. பம்புசெட் வரப்பில், வாயில் வேப்பங்குச்சியோடு நின்று பார்த்ததை எழுதுகிறேன். பித்தளை அண்டாவைக் கிணற்றுக்குள் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது, இருபத்திரண்டு பெட்டிகளும் முட்டிக்கொண்டு நின்றன, எருமை ஓர் எட்டு விலகிக் காதை உதறி, நெற்றியின் வெள்ளைச் சுட்டியில் ஒட்டிய எண்ணெய்க் கறையைப் பக்கத்துக் கல்தூணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகத் தலையைத் தூக்கிக் கத்தியது. கத்தியது எருமை, வந்தது எஞ்சினின் ஊதல். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஸ்டேஷனில் அந்த ஊதலைக் கேட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாராம்.

எருமைக்குத் தண்டவாளத்தில் என்ன வேலை என்று அதற்கப்புறம் வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். எங்கள் ஊர் தண்டவாளத்துக்குக் கிழக்கே, எங்கள் நிலமெல்லாம் மேற்கே, நடுவில் ஒரு கேட் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வந்து அந்தக் கேட்டைப் பிடுங்கி, பாதையை வெட்டி, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைத் தோண்டிக் கொடுத்து, அதன் நெற்றியில் ஒரு கல்வெட்டும் பதித்துவிட்டுப் போனார்கள். ஒரு மழை பெய்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு மழைக்கு இடுப்பளவு, ஐப்பசி கார்த்திகையில் கழுத்தளவு. அந்தத் தண்ணீரில் எருமை நீந்தும், சீனியம்மாள் நீந்தமாட்டாள், அவள் போகிற வழியில்தான் அவள் எருமையும் போகும், அவளுக்கு இருக்கிற ஒரே வழி தண்டவாள மேட்டில் ஏறி இறங்குவது.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதேபோல் மழைக்காலத்தில், மேற்கே மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் அவள் புருஷன் உலகப்பனைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸ் கிழக்கே நின்றது. நாங்கள் உலகப்பனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், சிக்னல் கிடைக்காத ஒரு சரக்கு வண்டி, தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் குறுக்கே கிடந்தது. எந்த நிமிடமும் நகரலாம் என்கிற வண்டிக்கு அடியில் கட்டிலைத் தள்ள எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. ஐம்பது நிமிடம். வண்டி போனபோது உலகப்பனும் போயிருந்தான். நான் மனு எழுதினேன். நான்கு மாதத்தில் பதில் வந்தது: ‘தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.’ அதைச் சீனியம்மாள் வீட்டு வாசலில் நின்று உரக்க வாசித்தேன், ஏனென்றால் முத்திரை போட்ட பதில் என்று ஒன்று அதுவரை எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது, மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தேன், படித்ததை வீணாக்கவில்லை. முப்பத்தொரு தடவை அந்தத் தண்டவாளத்தில் ஆட்களோடு உட்கார்ந்து ரயிலை மறித்திருக்கிறேன், இரண்டு தடவை மண்டை உடைந்திருக்கிறது, எங்களால் ஒரு வண்டியை நிறுத்த முடிந்த அதிகபட்ச நேரம் இருபத்திரண்டு நிமிடம். அந்தச் சாதனையை ஓர் எருமை, ஒரு கோஷமும் இல்லாமல், மேய்ச்சலுக்குப் போகிற போக்கில் முறித்துவிட்டது. கசந்தது. மறைக்கவில்லை.

எஞ்சினிலிருந்து இறங்கியவர் ஞானப்பிரகாசம் என்ற ஓட்டுநர். பணி ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தவர். அவர் சக்கரங்களைப் பார்த்தார், மேலே கம்பியைப் பார்த்தார். கரண்டு இருந்தது, மோட்டார் உறுமியது, வண்டி மட்டும் அசையவில்லை. அதற்குள் சீனியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்து எருமையின் முதுகில் ஒரு சாத்து சாத்தினாள்.

“ஏ மூதி, எத்தன தடவ சொல்லியிருக்கேன், ரெண்டு பக்கமும் பாத்து ஏறுன்னு! ஒனக்கு என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?”

திட்டிக்கொண்டே தண்டவாளத்தின் நடுவிலேயே எருமையைப் பத்தடி ஓட்டினாள். எருமை பத்தடி நடந்தது. அதன் பின்னால் இருபத்திரண்டு பெட்டிகளும் பத்தடி நடந்தன. அவள் நின்றாள், எருமை நின்றது, வண்டி நின்றது.

ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தாயி, இன்னும் நாலு எட்டு ஓட்டுங்க, பாப்போம்.”

ஓட்டினாள். வண்டி வந்தது.

“இப்ப தண்டவாளத்த விட்டுக் கீழ இறக்குங்க.”

இறக்கினாள். எருமை சரிவில் இறங்கி அருகம்புல்லில் வாய் வைத்தது, வண்டி அசையவில்லை.

“சரிதான்,” என்று சொல்லி அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார்: ‘காலை 8.42. இழுவை எருமைக்கு மாறியது.’ கடைசிப் பெட்டியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த கார்டு அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“கறவையா, வறட்டா? படிவத்துல ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு சார்.”

“கறவைதான், எழுதிக்கோங்க,” என்றாள் சீனியம்மாள். “தலைப்பிரசவம் இல்ல, மூணாவது ஈத்து.”

மற்ற வண்டிகளையெல்லாம் வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். எங்கள் வண்டியை (இரண்டாவது நாளே ஊரில் அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்) திருப்ப வழியில்லை. வண்டியில் ஆயிரத்து நானூறு பேர், ஊரில் அறுநூறு பேர். முதல் நாள் அவர்கள் எங்களைத் திட்டினார்கள், இரண்டாம் நாள் எருமையைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் அதற்குப் புல் அறுத்தார்கள். ஏனென்றால் அதற்குள் அவர்களுக்கு விவரம் தெரிந்துவிட்டது: எருமை அசைபோட்டால் பெட்டிகளில் மின்விசிறி சுற்றியது, கறந்தால் கழிப்பறைக் குழாய்களில் தண்ணீர் வந்தது, குளத்தில் இறங்கிப் படுத்தால் ஏ.சி. பெட்டிகளில் குளிர் வந்தது, வால் வீசினால் எல்லா ஜன்னல் கண்ணாடிகளும் ஒரு தடவை கிடுகிடுத்தன. முதல் வகுப்பில் வந்த ஒரு வங்கி மேலாளர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வடக்கத்திய மனிதர், பேன்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எங்கள் ஓடைக்கரையில் அரிவாளோடு குனிந்து நின்றதை நான் பார்த்தேன். கையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார், ஆனாலும் புல்லைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துத்தான் கொண்டுவந்தார்.

“யம்மா, எருமை இன்னும் கொளத்துக்குப் போகலையா? உள்ள புழுங்குது,” என்று ஏ.சி. பெட்டியிலிருந்து ஒரு மதுரைக்காரப் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“அது என்ன ஒங்க வீட்டு மோட்டாரா தாயி, சுவிச்சப் போட? வெயில் ஏறட்டும், தானாப் போகும்,” என்றாள் சீனியம்மாள்.

“கொஞ்சம் தள்ளிவிட்டாத்தான் என்ன?”

“நீங்க வந்து தள்ளுங்க. ரெண்டு எஞ்சின் சேந்து தள்ளியே போகல.”

அதுவும் நடந்திருந்தது. இரண்டாம் நாள் வடக்கேயிருந்து இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் பூட்டினார்கள். பூட்டிய கணத்திலேயே அதன் இழுவையும் எருமைக்குள் போய்விட்டது; புளியமரத்தடியில் படுத்திருந்த எருமை ஒரு நீளமான ஏப்பம் விட்டது, அவ்வளவுதான். அந்த எஞ்சினோடு வந்தவர்களும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் நிழல் என்று இருப்பது அந்த ஒரு புளியமரம்தான், ஆகவே முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் முன்பதிவில்லாப் பெட்டியும், மேலத்தெருவும் கீழத்தெருவும், அந்த ஒரு நிழலில் ஒரே பந்தியாக உட்கார்ந்து கம்மங்கஞ்சியும் வறுத்த மோர்மிளகாயும் சாப்பிட்டார்கள். இதற்காக நான் இருபது வருடம் பொதுக்கூட்டம் போட்டிருக்கிறேன். நிழலைக் குறைத்தால் போதும் என்று அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

ரயில்காரர்களின் யோசனை எளிதானது: எருமையைத் தண்டவாளத்திலேயே ஏழு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் ஊர்கூடிப் பேசினோம். நான் இரண்டு மணி நேரம் பேசிச் சொன்னதைச் சீனியம்மாள் எழுந்து நின்று ஒரு வாக்கியத்தில் சொன்னாள்.

“கேட்டப் போடட்டும், ஓட்டிட்டுப் போறேன்.”

கூட்டம் அத்தோடு கலைந்தது. எழுந்து போகும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: “அண்ணாச்சி, இந்தத் தடவ விட்டா அடுத்த கட்டிலு யாருதுன்னு தெரியாது.”

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் வைரவன் இரண்டு வேன் நிறையப் போலீஸோடு வந்தார். ரயில் மறியலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு, அது சட்டப் புத்தகத்தில் இல்லை, ஆனால் அதை மீறிய இன்ஸ்பெக்டரை நான் கண்டதில்லை: மறித்தவர்களைக் கைது செய்து, வேனில் ஏற்றி, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் போட்டு, பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். ஆகவே நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேன் ஏறத் தயாராக நின்றேன்.

வைரவன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன தலைவரே, எங்க கெளம்பிட்டீங்க?”

“கைதுக்கு.”

“ஒங்களக் கைது பண்ணுனா வண்டி போகுமா?”

“போகாது.”

“அப்ப ஒங்கள வச்சு நான் என்ன செய்ய? சோறு தண்டம். மறியல் பண்ணுறது அதுதான, அதத்தான் கைது பண்ணணும்.”

எருமை வேனில் ஏறவில்லை, ஏற்றவும் முடியவில்லை, எனவே நான்கு கிலோமீட்டர் ரோட்டில் நடத்தியே கூட்டிப்போனார்கள். முன்னால் ஒரு வேன், நடுவில் எருமை, அதன் கயிற்றைப் பிடித்துச் சீனியம்மாள், பின்னால் ஒரு வேன், அதற்கும் பின்னால் கைது செய்யப்படாத நான். மண்டபத்தில் முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றன. எருமை அதில் ஒன்றைத் தின்றது, நடு மண்டபத்தைத் தாண்டிப் போய் மணமேடையில் ஏறிப் படுத்தது. ஏட்டு காகிதத்தை எடுத்தார்.

“பேரு?”

“சுட்டி,” என்றாள் சீனியம்மாள்.

“வயசு?”

“பல்லப் பாத்துக்கோங்க.”

“தகப்பன் பேரு?”

சீனியம்மாள் யோசித்தாள். “தகப்பன்னு யாரச் சொல்ல ஏட்டய்யா? மாட்டாசுபத்திரியில ஊசி போட்டுப் பொறந்தது.”

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் விட்டத்தைப் பார்த்தார், ஏட்டு ‘தகப்பன் பெயர்’ என்ற இடத்தில் ‘அரசு’ என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானச் சாம்பார் சாதத்தை எருமை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அங்கே அது அசைபோடாமல் கிடந்ததால் இங்கே வண்டியில் மின்விசிறி சுற்றவில்லை, குளத்தில் இறங்காததால் குளிர் இல்லை, கறக்காததால் தண்ணீர் இல்லை. இரண்டு மணி வரை பொறுத்துப் பார்த்த பயணிகள் மூன்று மணிக்கு ஊர்வலமாகக் கிளம்பி, நான்கு கிலோமீட்டரும் நடந்து வந்து, மண்டபத்துக்கு எதிரே நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். விடுதலை செய், விடுதலை செய், எருமையை விடுதலை செய் என்று முன்னால் நின்று கத்தியவர் அந்த வங்கி மேலாளர். கோஷத்துக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, தாளம் பிடிபட்டால் போதும், அவருக்குப் பிடிபட்டிருந்தது. முப்பத்தொரு தடவை நாங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது இதே ஜன்னல்களிலிருந்து, வேலை வெட்டி இல்லாதவன்கள் என்று எங்களைச் சொன்ன ஜனங்கள். நான் போய் அவர்கள் வரிசையைச் சரிசெய்து, பெண்களை நிழலுக்கு மாற்றி, போலீஸ் தூக்க வந்தால் உடம்பை எப்படித் தளரவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு வைரவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கைக் கடிகாரத்தையும் பார்த்தார், பிறகு முறைப்படி எருமையை விடுதலை செய்தார்.

நான்காம் நாள் காலை ரயில்வேயின் பெரிய அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கூட ஆறு பேர், ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் கோப்பு. எங்களை உட்காரச் சொன்னார், நாற்காலி எங்களுடையது, இருந்தாலும் உட்காரச் சொன்னார். என் பேச்சை முழுக்கக் கேட்டார். முப்பது வருடத்தில் என்னை இடைமறிக்காமல் கேட்ட முதல் அதிகாரி அவர்தான், அதில்தான் நான் விழுந்தேன். கேட்டு முடித்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டு, அங்கேயே முத்திரை குத்தி, எழுந்து நின்று இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். மை காயவில்லை. எங்களைப் போன்ற ஆட்களுக்கு, வாழ்நாளெல்லாம் மனுக் கொடுத்தே பழகியவர்களுக்கு, வெற்றி என்றால் முத்திரைதான். வட்டமாக, ஊதா நிறத்தில், ஓரம் கொஞ்சம் கலங்கிய முத்திரை. நான் மைக்கைக் கையில் எடுத்தேன். ஊரே கைதட்டியது, எவனோ சரம் வெடித்தான், வண்டியில் வந்த ஆயிரத்து நானூறு பேரும் மூட்டைகளோடு மறுபடி ஏறத் தொடங்கினார்கள். யாரோ எனக்குத் துண்டு போர்த்தினார்கள், அதை நான் மறுக்கவில்லை.

“தாயி, மாட்ட ஓட்டு,” என்றேன்.

சீனியம்மாள் முளைக்குச்சியின் பக்கத்தில் நின்றாள். கயிற்றை அவிழ்க்கவில்லை. “என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?”

“கேட் தொடர்பா ஆணை போட்டுட்டாங்க.”

“அத வாசிங்க.”

வாசித்தேன். மேற்படி பொருள் தொடர்பாக, மேற்காணும் பார்வையின்படி, மேற்படி கிராம மக்களின் கோரிக்கை உரிய முறையில், என்று வாசித்துக்கொண்டே வந்தவன் கடைசிச் சொல்லில் நின்றேன். நின்றதை மைக் ஊர் முழுக்கச் சொன்னது.

“கடைசியில என்ன போட்டிருக்கு?”

“பரிசீலிக்கப்படும்.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. “எம் புருசன் செத்தப்பவும் இதத்தான வாசிச்சீங்க,” என்றாள். அவிழ்த்திருந்த அரை முடிச்சை மறுபடி இறுக்கிவிட்டு, எருமைக்கு முன்னால் இரண்டு கை வைக்கோலைப் போட்டாள். அடியும் உதையும் வாங்கி இத்தனை வருடம் நிமிர்ந்தே நின்றவன் அன்றைக்கு அந்த வைக்கோலைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இது ஒரு நடைமுறை என்றும், குறைந்தது பதினெட்டு மாதமாவது ஆகும் என்றும், நான்கு துறைகளின் ஒப்புதல் வேண்டும் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து லக்கன் முர்மு இறங்கி வந்தார். நாலு நாளாகப் புளியமரத்தடியில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து கடைசியாக எழுந்த மனிதர். ஜார்க்கண்டுக்காரர், வயது நாற்பது இருக்கும், தெற்கே எங்கோ தண்டவாளம் போடும் ஒப்பந்த வேலைக்கு அறுபது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். ஒன்பது வருடமாக எங்கள் மாநிலத்தில்தான் வேலை, தமிழ் வேலை நடக்கிற சைட்டில் கற்றது.

“அண்ணா, கேட் எங்க வேணும்?”

நான் பழைய பாதை வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினேன். அவர் போய்க் காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார், தண்டவாளத்துக்கு அடியில் கிடத்துகிற கான்கிரீட் சிலிப்பர்கள் பழசாகிக் கழற்றி ஓரத்தில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார், ஜல்லிக் குவியலைப் பார்த்தார், திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார்.

“ஜல்லி இருக்கு. சிலிப்பர் இருக்கு. ஆள் இருக்கு. பேப்பர் எதுக்கு?”

பெரிய அதிகாரி அதிர்ந்தார். “அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் கை வைக்கக் கூடாது! வண்டி வந்தால் என்ன ஆகும்?”

அதற்கு ஓட்டுநர் ஞானப்பிரகாசம் பதில் சொன்னார். எஞ்சினின் படியில் உட்கார்ந்து சீனியம்மாள் வீட்டுப் பாலில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். “வராது சார்.”

“எப்படிச் சொல்கிறீர்கள்?”

“வரவேண்டிய வண்டி என்னோடதுதான் சார். நான் இங்க உக்காந்திருக்கேன்.”

அந்த மத்தியானமே தொடங்கினார்கள். முர்முவின் அறுபது பேர் மண்ணை வெட்டி அடுக்கையும் சாய்வையும் பார்த்துச் சொல்ல, ஊர்க்காரர்கள் சட்டியில் அள்ள, பயணிகள் வரிசையாக நின்று கைமாற்ற, பெண்கள் தண்ணீர் தெளிக்க, கீழத்தெருவில் இருந்த மூன்று டிராக்டர்களும் சரள் மண் கொண்டுவந்து கொட்டின. ரயில் சக்கரத்தின் விளிம்பு போக இரும்புக்கும் சிலிப்பருக்கும் நடுவில் எத்தனை விரற்கடை சந்து விட வேண்டும் என்பது முர்முவுக்குத் தெரியும், கையை வைத்தே அளந்தார், பெரிய அதிகாரியோடு வந்த ஆறு பேரில் ஓர் இளம் பொறியாளர் குனிந்து டேப் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், சொன்னதற்காகத் திட்டு வாங்கினார், திட்டு வாங்கிய பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு ஜல்லி சுமக்க வந்துவிட்டார். பொழுது சாய்ந்தபின் நிறுத்தி, காலையில் மறுபடி தொடங்கினார்கள். சுமக்கிறவர்களுக்குத் தாளம் வேண்டியிருந்தது, யார் பாட்டைப் பாடுவது என்று மொழிக்கு மொழி சண்டை வந்தது, கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாட்டு, எருமையை விடுதலை செய் என்பதுதான் என்று தெரிந்து அதையே ஐந்நூறு தடவை பாடிச் சுமந்தார்கள். நான் சட்டி சுமந்தேன். பேச்சு எதுவும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பகல் பதினொன்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூங்கில் கழிகள் ஏறி இறங்கின. சீனியம்மாள் போய் எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கிழக்கேயிருந்து பாதையில் ஏறி, சிலிப்பரின் மேல் நான்கு குளம்பும் டொக் டொக்கென்று சத்தம் போட, எருமை மேற்கே இறங்கியது. அது தண்டவாளத்தின் குறுக்கே போனதால் வண்டி நகரவில்லை, ஆனால் இருபத்திரண்டு பெட்டிகளின் விளக்குகளும் பட்டப்பகலில் எரிந்தன. சீனியம்மாள் மேற்கே இறங்கி நின்று, தன் மிளகாய்க் காட்டை ஒரு தடவை, கிழக்கே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தை ஒரு தடவை, நடுவில் இருக்கிற தூரத்தை ஒரு தடவை பார்த்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“எத்தன எட்டு வரும் அண்ணாச்சி?”

“இருபத்தாறு,” என்றேன். எண்ணியிருந்தேன்.

“அம்புட்டுத்தான்,” என்றாள். திரும்பி வந்து, சொன்ன சொல்படி எருமையைத் தண்டவாளத்தில் ஏற்றினாள்.

ஏழு கிலோமீட்டரும் எருமை நடந்தது, ஏழு கிலோமீட்டரும் வண்டி அதன் பின்னால் வந்தது. எருமை ஓரத்துச் செடியில் வாய் வைத்தால் வண்டி நின்றது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, ஜன்னலெல்லாம் கையாக இருந்தது, ஞானப்பிரகாசம் எஞ்சினில் உட்காராமல் சீனியம்மாளோடு பேசிக்கொண்டே முன்னால் நடந்து வந்தார். ஸ்டேஷனில் பச்சைக்கொடியோடு நின்ற மாஸ்டர் எருமைக்குத்தான் அதைக் காட்டினார். பிளாட்பாரத்தின் முனையில் எருமை திரும்பி எஞ்சினின் மூக்கில் தன் நெற்றியை வைத்து ஒரு தேய் தேய்த்தது, எஞ்சின் உடம்பு சிலிர்த்ததுபோல் ஆடியது, இழுவை திரும்பிவிட்டது, அவ்வளவுதான். ஒருவரும் சீனியம்மாளிடம் நன்றி சொல்லவில்லை, அவள் சொல்லவிடவில்லை. கறக்கிற நேரமாச்சு என்று ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து, தை பிறப்பதற்கு முன்னால், அவர்கள் வந்தார்கள். எங்களுக்குத் தெரியும் வருவார்களென்று. அனுமதியற்ற கட்டுமானம் என்று ஒரு தாள், கடப்பாரை மண்வெட்டியோடு நாற்பது ஆட்கள், அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டியும், அதே பெரிய அதிகாரி. கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி இறங்கி, கடப்பாரைகளை வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். ஊர் கூடிவிட்டது. நான் தாளை வாங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சீனியம்மாள் மட்டும் மேற்கேயிருந்து எருமையை ஓட்டிக்கொண்டு நிதானமாக வந்தாள், கேட்டின் நடுவில் வந்ததும் எருமை தானாக நின்றது, நின்று எஞ்சினைப் பார்த்தது, அசைபோட்டது. அதற்குள் போன இழுவை முழுக்கத் திரும்பிப் போனதா, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அதிகாரிக்கும் தெரியாது. அதுதான் சங்கதி.

“எய்யா,” என்றாள் சீனியம்மாள், குரலில் ஒரு மிரட்டலும் இல்லாமல், வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்கிறமாதிரி, “ஏறி வந்த வண்டி திரும்பிப் போகணும்லா?”

பெரிய அதிகாரி எருமையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், கடப்பாரைகளைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களின் பக்கம் திரும்பி ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று சாயங்காலம் வரை இருந்து, மூங்கில் கழிகளை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி நட்டு, சிவப்பும் வெள்ளையும் பூசி, கேட்கீப்பர் உட்காருவதற்கு ஒரு தகரக் கொட்டகையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நாங்கள் யாரும் மனுக் கொடுக்கவில்லை.